பூனா என்று பெயர் கொண்ட ஆட்டம்

அன்று இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு பேங்க் விடுமுறை, என் கணவருக்கு ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்குப் போக வேண்டாத நாள். பூனாவில், லோஹேகாவ் விமானப்படைத் தளத்தின் பக்கம் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், க்ளப் ஹவுஸை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட் ஒன்று உண்டு. சனிக்கிழமை காலையில் நான்கு பேர் அங்கே ஆடுவது சில வருஷப் பழக்கம். நானும் கணவரும் ஒரு பக்கம். எதிரில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர்; வேலைக்காக ஊர் ஊராய்ச் சுற்றி, கடைசியில் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர். நாங்கள் அவரை சார் என்போம். அவருக்கு ஜோடி, எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் மராத்திப் பெண். ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். எங்களைவிட வயதில் சின்னவள், எங்கள் நால்வரில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, கம்பெனியில் வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆட்டத்தில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வேடிக்கை காட்டுவது. எட்டாத பந்துக்குப் பாய்வார், எடுக்க முடியாமல் போனால் மூர்ச்சையானவர் மாதிரி தரையில் விழுந்து கிடப்பார். டீச்சர் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பாள். சார் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் விழுந்தார். டீச்சர் வலையோரம் மெதுவாகப் போட்ட பந்தை ஓடி வந்து எடுத்தார். நல்ல பந்து. எடுத்துவிட்டு நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், எதையோ மறந்துவிட்டவர் போல முகம் மாறியது. முதலில் முழங்கால் மடங்கியது. பிறகு பக்கவாட்டில் சரிந்தார். டீச்சர் சிரித்தாள். சார், "போதும்யா, எந்திரி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. காரணம், அவர் கை. வேடிக்கைக்காக விழும்போது அவர் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த மட்டை அது. இன்றைக்கு அது அவர் உடம்புக்கு அடியில் சிக்கி வளைந்திருந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். கண் பாதி திறந்திருந்தது. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது, நின்றது, கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. சார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மூச்சு விடுதான்லா, தண்ணி கொண்டாங்க, தண்ணி தெளிச்சா சரியாயிரும்" என்றார். நானும் அதை நம்பினேன். அந்தச் சத்தத்தை நம்பத்தான் மனசு விரும்பியது. டீச்சர்தான் வலைக்கு அடியில் குனிந்து வந்து, என்னைத் தள்ளிவிட்டு, அவர் கழுத்தில் விரல் வைத்தாள். அது மூச்சில்லை என்று ஹிந்தியில் சொன்னாள். அவள் குரல் எனக்குத் தெரிந்த அவள் குரலாக இல்லை. சாரைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். மறு நொடி இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினாள்.

அப்படி அமுக்குவதை நான் சினிமாவில் பார்த்திருக்கிறேன். நேரில் அது வேறு. கோணியை மிதிப்பது போல, ஒரு மனிதனை முழு பலத்தோடு தரைக்குள் அழுத்துவது. அவர் வயிறு ஒவ்வொரு முறையும் எகிறித் தளர்ந்தது. ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு கணம் முகத்தைச் சுளித்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. அவருக்கு வலிக்கும் என்று நான் சொன்னதாக சார் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

பிறகு அவளுக்குக் கை ஓய்ந்துபோனது. "வஹினி" என்றாள். மராத்தியில் அண்ணி என்று அர்த்தம்; எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையை அவர் நெஞ்சின்மேல் வைத்து, இப்போது நீ, நிறுத்தாதே, நான் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பியது. இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. டீச்சர் என்னிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டிய வேகத்தைப் பார்த்து நான் அமுக்கினேன். என் உள்ளங்கைக்குக் கீழே உடைந்த எலும்பு நகர்வது தெரிந்தது. இருபது வருஷமாக நான் தலை சாய்த்த நெஞ்சு அது. எனக்கு அப்போது துக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பயம் மட்டும்தான். அந்தப் பயத்துக்கு உள்ளே வேறு எதற்கும் இடமில்லை. கை நின்றால் அவர் போய்விடுவார் என்ற ஒன்றைத் தவிர எனக்கு உலகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. சார் கேட்டுக்கே ஓடிப்போய் வழிகாட்டிக் கூட்டி வந்திருந்தார். அதில் வந்த டாக்டர் அவர் சட்டையைக் கத்தரித்து நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, எங்களை விலகச் சொல்லி மின்சாரம் கொடுத்தார். உடம்பு துள்ளியது. திரும்பவும் ஒரு முறை. பிறகு அந்த டாக்டர் தலையை மட்டும் லேசாக அசைத்தார். அந்த அசைவை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா இல்லை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் வண்டிக்குள் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கிறோம், அதற்குப் பிறகும் மூளை எப்படி இருக்கிறதென்று அவர் கண் விழித்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். கோச்சிங் வகுப்பிலிருந்து மகளை சார் அழைத்து வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள், இந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழ் அவள் வாயில் தடுக்கித் தடுக்கித்தான் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எழுந்தா நம்மளை தெரியுமா அவருக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் கண் விழித்தார். தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது. நர்ஸ் சிரித்தாள். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உண்மையான பயம் அவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் தொடங்கியது. கோர்ட்டில் இருந்த பயத்துக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. வீட்டில் இருந்த பயத்துக்கு வேலை எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு சோபாவில் கண் அயர்ந்தால் நான் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். பனியன் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மூச்சு கொஞ்சம் தாமதமானால் வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போடுவேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். எங்கள் சமையலறை ஜன்னல் கோர்ட் இருக்கும் பக்கம் திறக்கும். மாலையில் பிள்ளைகள் ஆடும்போது மட்டையில் பந்து படும் 'டப்' என்ற சத்தம் ஏறி வரும். அது கேட்கக் கூடாதென்று வெயில் காலத்திலும் அந்த ஜன்னலைச் சாத்தி வைத்தேன். மட்டைகளை லாஃப்ட்டில், தீபாவளி சாமான்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

அவர் வேலைக்குத் திரும்பியதும் பயம் ஹிஞ்சேவாடி வரைக்கும் நீண்டது. கம்பெனி வண்டியில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மாலையில் அந்த ரோட்டில் வண்டிகள் அசையாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஏதாவது ஆனால் எந்த ஆம்புலன்ஸ் எப்படி வந்து சேரும்? கவுன்ட்டரில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்க, நான் மேஜைக்கு அடியில் போனை வைத்து, எங்கே வந்திருக்கிறீர்கள் என்று அவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பேன். அவர் பதில் அனுப்பும்வரை கூட்டல் கழித்தல் கூட வராது.

சில மாதம் கழித்து டாக்டர் அவரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பெல்ட்டின்மேல் அவர் காலடி வேகமாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்த டாக்டர் நன்றாக இருக்கிறார், மெதுவாக ஆடத் தொடங்கலாம், முதலில் போட்டி போடாமல் லேசாக என்றார். மறுபடி ஒன்றும் ஆகாது என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் என்னால் சொல்ல முடியாது என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அன்று வீட்டில் சண்டை. எங்களுக்குள் சண்டை என்றால் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

"மட்டைய எங்க வச்சே?" என்றார்.

"வேண்டாங்க. நடங்க, போதும். எவ்வளவு தூரம் வேணும்னாலும் நான் கூட வரேன்."

"நடந்துட்டேதான இருக்கேன். என்ற நெஞ்சு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கும் அது உங்க நெஞ்சுதான். தெரிஞ்சுதா?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். அதற்கப்புறம் சனிக்கிழமை காலைகளில் அவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார். உயிரோடு இருந்தார். ஆனால் ஏதோ வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார்.

எனக்கு இந்த ஆட்டத்தின்மேலேயே கோபம் வந்தது. சார் புதிதாகக் குடிவருகிற யாரைப் பார்த்தாலும் ஒரு கதை சொல்வார்: நாம் ஆடும் இந்த ஷட்டில் நம் ஊரில் பிறந்தது, வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இந்த கன்டோன்மென்ட்டில்தான் இதை ஆடினார்கள், அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கே பூனா என்றுதான் பெயர், அவர்கள் இதைச் சீமைக்குக் கொண்டுபோய் ஒரு பிரபுவின் மாளிகையில் ஆடிக் காட்ட, அந்த மாளிகையின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, நம் ஊர்ப் பெயர் உதிர்ந்துவிட்டது என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். இப்போது அந்தக் கதை வேறு விதமாக உறுத்தியது. எங்கிருந்தோ வந்த ஆட்டம் இல்லை, இந்த ஊர் மண்ணிலேயே விளைந்த ஒன்று அவரைக் கீழே தள்ளியிருக்கிறது என்று தோன்றியது. யார் இதைக் கண்டுபிடித்தார்கள், எதற்காக என்று தெரிந்துகொள்ளும் ஒரு வெறி. பேங்க்கில் மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் கிடைத்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காற்றடிக்கும் நாளிலும் மழை ஈரத்திலும் இறகுப் பந்து ஒழுங்காகப் பறக்காது என்று இங்கே கம்பளி நூல் பந்தை வைத்தும் ஆடினார்களாம். கம்பளிப் பந்து என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் பள்ளியில் நான் ஆடியது பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், சுண்ணாம்புக் கோடு, மஞ்சள் நூல் பந்து. தஞ்சாவூர் அரண்மனையில் அதை ஆடினார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த அரண்மனையில் இருந்ததும் மராட்டியர்கள்தானே. அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா, யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அன்னிய ஊரில் ஒரு அன்னிய ஆட்டத்தை ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறகுகளைப் பற்றியும் படித்தேன். வாத்தின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த இறகுகளைத்தான் ஒரு பந்துக்குக் கோப்பார்கள். இரண்டு பக்கமும் கலந்தால் பந்து தடுமாறும். அதற்கும் பின்னால் போனால், கோடும் வலையும் வருவதற்கு முந்தைய ஆட்டம் இருந்தது. சீனத்திலும் கிரேக்கத்திலும் ஐரோப்பாவிலும் வேறு வேறு பெயர்களில் ஆடியது. அதில் எதிரி கிடையாது. வெல்வது தோற்பது கிடையாது. இறகுப் பந்து தரையில் விழாமல் எல்லோரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஜப்பானில் புது வருஷத்தன்று பெண் பிள்ளைகள் மரப்பலகையால் இப்படி ஆடினால் அந்த வருஷம் நோய் அண்டாது என்று நம்பினார்களாம். நடுவில் கயிற்றையும் வலையையும் கட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்து, எதிராளி எடுக்க முடியாதபடி அடிப்பதுதான் திறமை என்று பிற்பாடு ஆக்கினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கீழே போனேன். இங்கிலாந்தில் சிறுமிகள் இந்தப் பந்தைத் தட்டும்போது அதனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாடுவார்களாம்: இன்னும் எத்தனை வருஷம் நான் உயிரோடு இருப்பேன்? பந்து விழும்வரை எண்ணுவார்கள். எங்கே விழுகிறதோ அதுதான் பதில். போனைக் கவிழ்த்து வைத்தேன். டிபனைத் தொடாமலே மூடிவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவள் பள்ளியிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையை வாங்கி வந்து, குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நெஞ்சை அமுக்கும் முறையைச் சொல்லித்தரப் போவதாகச் சொன்னாள். நானும் வந்து கூட நின்றால் நன்றாக இருக்கும் என்றாள். என்னால் முடியாது என்றேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், அன்றிலிருந்து தானும் கோர்ட்டுக்குள் போகவில்லை என்று. பள்ளியில் பிள்ளைகள் ஓடும்போது யாராவது உட்கார்ந்தால் கூட ஓடிப்போய்க் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். அன்று எலும்பு முறிந்தபோது, நான்தான் இவரைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியதாம். "உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை, வஹினி. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்" என்றாள் ஹிந்தியில்.

நான் அவளை எப்போதும் பயமில்லாதவள் என்றே நினைத்திருந்தேன். நன்றி சொல்லியிருந்தேன், பட்டுப்புடவை கொடுத்திருந்தேன், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு முறை கூடக் கேட்டதில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு ஸ்டூல் போட்டு லாஃப்ட்டிலிருந்து மட்டைகளை இறக்கினேன்.

அவரிடம் என் நிபந்தனையைச் சொன்னேன். கோர்ட் வேண்டாம், வலை வேண்டாம். கீழே புல்தரையில் நாம் இரண்டு பேர் மட்டும். அடிக்கக் கூடாது, பாயக் கூடாது, கையில் வந்து சேர்கிற மாதிரி பந்தைத் தூக்கிப் போட வேண்டும். இது பழைய ஆட்டம், இதுதான் முதலில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை ஆட்டமா என்று கேட்டுவிட்டு, அவசர அவசரமாக ஷூ மாட்டிக்கொண்டார்.

மாலை வெயில் இருந்தது. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். நான் பந்தைத் தூக்கிப் போட்டேன். அவர் மென்மையாகத் திருப்பினார். நாலைந்து முறை போய் வந்ததும் அவர் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒன்று வந்தது. பிறகு அவர் உரக்க எண்ணத் தொடங்கினார்.

"ஏழு... எட்டு..."

எண்ணாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பந்து என்னிடம் வந்தது, திருப்பினேன். ஒன்பது என்றார். பந்து வானத்தில் இருக்கும்போதெல்லாம் நான் மூச்சு விடவில்லை. பத்து. பதினொன்று. அது வெறும் பந்து, வாத்து இறகு, தக்கை, சீமையில் யாரோ சின்னப் பெண்கள் பாடிய விளையாட்டுப் பாட்டு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கணக்கு ஏற ஏற பயம் குறையும் என்று நினைத்தேன், கூடியது. பேங்க்கில் வேலை பார்க்கிறவள், பட்டதாரி, ராகு காலம் கூடப் பார்க்காதவள், அங்கே புல்தரையில் நின்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வருஷம் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பதினான்கு என்று அவர் சொன்ன பந்து உயரமாக வந்தது. வெயில் கண்ணில் பட்டது. மட்டையை வீசினேன், விளிம்பில் பட்டுப் பந்து என் காலடியிலேயே விழுந்தது.

"செல்லாது" என்றேன். "வெயில் கண்ணுல பட்டுடுச்சு. செல்லாது. மறுபடியும்."

அவர் சிரித்துக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். "ஏம்மா, என்னாச்சு?"

புல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டைச் சொன்னேன். ஜன்னலைச் சாத்துவதைச் சொன்னேன். அவர் தூங்கும்போது கரண்டியைப் போடுவது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துவார், தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பந்தைக் கையில் வைத்து ஒவ்வொரு இறகாக நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயந்தான்" என்றார். "படுக்கறப்பல்லாம் பயந்தான். உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயந்துக்குவேன்னு சொல்லல. பந்து மேல போறப்ப மட்டும் அந்த நெனப்பே இல்ல. அதுக்கோசரந்தான் ஆடணும்னேன்."

இத்தனை மாதமும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, இனிமேல் எண்ண வேண்டாம் என்றார். எண்ணாமல் ஆடினோம். பந்து விழுந்தது, எடுத்தோம், மறுபடி விழுந்தது. இருட்டும்வரை.

அடுத்த வாரம் டீச்சரின் பொம்மை வகுப்புக்குப் போய் நின்றேன். என் முறை வந்தபோது பொம்மையின் நெஞ்சில் கை வைத்ததும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அமுக்கிக் காட்டினேன். சார் என் பக்கத்தில் வந்து நின்று, "நா அன்னிக்கு தண்ணி கேட்டேன் பாத்தியாம்மா. எனக்குச் சரியாச் சொல்லிக் குடு" என்று முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அமுக்க, நான் வேகத்தைச் சொன்னேன்.

மழைக் காலம் முடிந்த பிறகு நாங்கள் நான்கு பேரும் கோர்ட்டுக்குத் திரும்பினோம். முதல் இரண்டு மூன்று வாரம் அது ஆட்டமே இல்லை. டீச்சர் பந்தை என் கணவரின் மட்டைக்கே குறி பார்த்து அனுப்பினாள். சார் அவர் பக்கமே அடிக்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்கே கோபம் வந்து, நோயாளியோடு ஆடுகிற மாதிரி ஆடினால் வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டையை உறைக்குள் போட்டார். டீச்சர் சர்வீஸ் கோட்டுக்குப் போனாள். அடுத்த பந்தை ஓங்கி அடித்தாள். அவர் உறையிலிருந்து மட்டையை எடுத்தார்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நீளமாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். பந்து இரண்டு பக்கமும் பறந்தது, நான் முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், சார் மூலைக்குத் தள்ளிய ஒன்றைப் புறங்கையால் எடுத்தேன். டீச்சர் எங்கள் இருவருக்கும் நடுவில் அடித்தாள். அவர் அசையாமல் நின்றார். பந்து விழுந்தது.

"ஏங்க, அது உங்க பந்து" என்று கத்தினேன். "தூங்கிட்டு நிக்கறீங்களா?"

கத்தின பிறகுதான் உறைத்தது. அந்த ஆட்டம் முழுவதும் நான் அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை. அவர் மூச்சைக் கவனிக்கவில்லை. அவர் ஒரு பந்தை விட்டுவிட்ட மனிதர், நான் அவர்மேல் எரிச்சல்படுகிற ஜோடி, அவ்வளவுதான். அப்படி நினைத்த மறு கணமே பயம் திரும்பி வந்தது. அவர் நன்றாக நிற்கிறாரா, வியர்வை அதிகமாக இருக்கிறதா என்று கண் தேடத் தொடங்கியது. அவர் இடுப்பில் கை வைத்து நின்று, நடுவில் வந்தால் அது யார் பந்து என்று சாரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றும் சனிக்கிழமை விடிந்தால், போக வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொல்வதில்லை. மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, அவருக்கு முன்னால் நான் படியிறங்கிவிடுகிறேன்.